பக்கத்து பில்டிங் ஜன்னல் உங்க கொல்லையை நேரா பார்க்குதா? மதிலை உயர்த்தும் முன் இதைப் படிங்க!

பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் தூசியும் சத்தமும். இப்போது அங்கே ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் மூன்று மாடி. கிரகப்பிரவேசம் முடிந்து ஆட்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது: அவர்கள் கிச்சன் ஜன்னலைத் திறந்தால் நேராகத் தெரிவது நம் வீட்டுக் கொல்லைதான்.

மடிப்பாக்கம், சேலையூர், அம்பத்தூர் என சென்னைப் புறநகரின் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சி உண்டு. பழைய தனி வீடுகளில் பின்பக்கம் மிஞ்சியிருப்பது 10 அடி அகலம், அதிகம் போனால் 12. அதிலும் துவைக்கிற கல், கொடிக்கயிறு, போர்வெல், செப்டிக் டேங்க் மூடி எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வீட்டில் நைட்டியோடு நிம்மதியாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்க, தலைக்குக் குளித்துவிட்டு முடி காய வைக்க இருந்த ஒரே இடமும் அதுதான். ஜன்னல் வந்த பிறகு முதலில் நிற்பது இதுதான். உள்ளாடைகளைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவது தொடங்கும். பிறகு துணி மொத்தமும் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போய்விடும். கொஞ்ச நாளில் கொல்லைக் கதவையே யாரும் திறப்பதில்லை.

சரி, கேஸ் போட முடியுமா?

நிறைய பேருக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. பதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில், 18-வது பிரிவின் கீழ் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓர் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்தால், பக்கத்து வீட்டின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்கிறது அது. 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் கோகல் பிரசாத் வழக்கில் இந்த வழக்காற்று உரிமையை ஏற்றது. புதிதாகக் கட்டிய வீட்டின் வராண்டாவும் கதவுகளும், பக்கத்து வீட்டில் பெண்கள் புழங்கும் பகுதியைப் பார்க்கும்படி அமைந்ததுதான் அங்கே பிரச்சினை.

ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேறு பாதையில் போனது. தன் சுவரில் ஒருவர் ஜன்னல் வைப்பதே வழக்குக்குரிய தவறு ஆகிவிடாது என்பதுதான் இங்கே எடுக்கப்பட்ட நிலை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதும் உண்மைதான். அதற்காகப் பக்கத்து ஜன்னல் தானாக மூடிக்கொள்ளாது. யாராவது வேண்டுமென்றே பெண்களின் அந்தரங்கத்தை எட்டிப் பார்த்தாலோ படம் எடுத்தாலோ கதை வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் வரும் குற்றம், போலீஸுக்கே போகலாம். சாதாரணமாக ஜன்னலைத் திறந்து வைத்து சாம்பார் தாளிக்கிறவர் மீது எந்தப் புகாரும் நிற்காது.

ஆக, மறைப்பு நம் பக்கத்தில்தான் எழ வேண்டும். இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டு மதிலை உயர்த்தச் சொல்லிவிடுகிறார்கள்.

எவ்வளவு உயர்த்தினால் போதும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்டில்ட்டுக்கு மேல் முதல் மாடித் தளம் சுமார் 10 அடி உயரத்தில் இருக்கும். அங்கே நிற்பவரின் கண் 15 அடியில். அந்தக் கட்டடம் பொது மதிலில் இருந்து 5 அடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மதிலில் இருந்து 4 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தால் உங்கள் தலை தரையில் இருந்து 4 அடியில் இருக்கும். அந்தக் கண்ணுக்கும் உங்கள் தலைக்கும் நடுவே ஒரு நூல் கட்டினால், மதிலைத் தாண்டும்போது அது கிட்டத்தட்ட 9 அடி உயரத்தில் போகும். அதாவது 5 அடி மதிலை 9 அடி ஆக்க வேண்டும். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் அந்த உயரத்தைக் காற்றில் தாங்காது, அஸ்திவாரத்தில் இருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

அவ்வளவு செலவு செய்தும் அது முதல் மாடிக்கு மட்டும்தான். இரண்டாவது மாடி ஜன்னலுக்கு அதே மதில் 13 அடிக்கு மேல் போக வேண்டும். துணி காயப்போட மதிலை விட்டு 8 அடி தள்ளி நின்றால், முதல் மாடிக்கே 11 அடி. நீங்கள் மதிலை விட்டு விலக விலக, மதில் வளர்ந்துகொண்டே போக வேண்டும்! இதில் இன்னொரு சிக்கல்: அந்த ஜன்னல் 20 வருடமாக வெளிச்சமும் காற்றும் அனுபவித்து வரும் பழைய ஜன்னல் என்றால், அதை அடைக்கும் சுவர் மீது அவர்களே வழக்குப் போடலாம். அதே 1882 சட்டத்தில் 15-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இப்போது அதே நூலை வேறு இடத்தில் மறியுங்கள். நாற்காலிக்கு 2 அடி முன்னால் ஒரு தடுப்பு வைத்தால் ஆறரை அடி உயரமே போதும். மறைப்பு எல்லையில் இருப்பதைவிட ஆளுக்குப் பக்கத்தில் இருந்தால் சின்னதாகவே வேலை முடிந்துவிடும். கொல்லை முழுவதையும் மறைக்க வேண்டாம். உட்காரும் இடம், துவைக்கும் இடம், கொடிக்கயிறு என்று இரண்டு மூன்று இடங்களை மறைத்தால் போதும்.

இதைக் கணக்கு இல்லாமல் அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். வீட்டில் ஒருவரை ஒட்டடைக் கம்பில் ஒரு துண்டைக் கட்டி, முன்னால் நின்று மெல்ல உயர்த்தச் சொல்லுங்கள். எந்த உயரத்தில் அந்த ஜன்னல் உங்கள் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் செடிக்குத் தேவையான உயரம். ஜன்னல் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் ஜன்னலுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். துவைக்கிற கல்லிடம் நின்றும் ஒருமுறை செய்து பாருங்கள்.

மேலே இருந்து பார்வை வந்தால், மறைப்பும் மேலேதான்

மூன்று மாடிக்கு எதிராகச் செடியை எத்தனை அடி வளர்ப்பது? அதற்குப் பதில் பழைய கொல்லைகளிலேயே இருந்தது: பந்தல். அவரை, பீர்க்கு, பாகல் ஏற்றுவதற்காகப் போட்ட அதே பந்தல். மேலே சொன்ன கணக்கில், மதிலில் இருந்து நாற்காலிக்கு மேல் வரை 8 அடி உயரத்தில் ஒரு பந்தல் போட்டால் முதல் மாடியில் இருந்து மூன்றாவது மாடி வரை எல்லாப் பார்வையும் அதில் முட்டி நின்றுவிடும். நான்கு ஜிஐ பைப், மேலே கம்பி வலை, அவ்ளோதான் சாமான். ஒரு வெல்டர் ஒரு நாளில் முடித்துவிடும் வேலை. பைப்பைத் தரையில் காங்கிரீட் போட்டு ஊன்றுங்கள், மதிலில் சாய்க்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த ஊர் இது. கொடி அடர்ந்த பந்தல் காற்றில் பாய்மரம் மாதிரிதான்.

கொடி எது? சீக்கிரம் வேண்டும் என்றால் பீர்க்கு, அவரை. விதை போட்டு இரண்டு மாதத்தில் பந்தல் மூடும், குழம்புக்குக் காயும் கிடைக்கும். ஆனால் காய்ப்பு முடிந்ததும் காய்ந்துவிடும், மறுபடி ஜன்னல் தெரியும். நிரந்தரத்துக்கு ரங்கூன் மல்லி நல்ல தேர்வு. வெள்ளையாகப் பூத்து ரோஸாகி சிவப்பாக மாறும், சாயங்காலம் வாசனை வேறு. வேகமாக ஏறும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோலுக்கு இரக்கம் காட்டக் கூடாது. காகிதப்பூ முழு வெயில் இருந்தால் மட்டும். நிழலில் அது வெறும் முள்தான். சன்ஷேடு, பால்கனி விளிம்பில் இருந்து கீழே தொங்கவிட நர்சரிகளில் ‘கர்ட்டன் க்ரீப்பர்’ என்று கேளுங்கள். பெயர் போலவே திரைச்சீலை மாதிரி இறங்கும்.

பக்கவாட்டு மறைப்புக்கு எது வேண்டும், எது வேண்டாம்?

நர்சரியில் முதலில் காட்டுவது ‘அசோகா’ என்று விற்கும் நெட்டிலிங்கம். ஒல்லியாக, வரிசையாக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 30 அடியையும் தாண்டி வளரும் மரம் அது, பழம் வந்தால் வௌவாலும் வரும். 10 அடிக் கொல்லைக்கு இது தேவையில்லாத பெரிய பதில்.

அடுத்தது கொனோகார்பஸ். தண்ணீர் ஊற்றினாலே சுவர் மாதிரி அடர்ந்துவிடும் என்பதால் பல லேஅவுட்டுகளில் இதைத்தான் நட்டார்கள். வேர் குழாய், டிரெய்னேஜ் எல்லாவற்றையும் தேடிப் போகும் என்ற புகார் பல ஊர்களில் இருக்கிறது. குஜராத் அரசு 2023-இல் இதை நடுவதற்கே தடை போட்டது. செப்டிக் டேங்க் இருக்கும் கொல்லையில் இது வேண்டவே வேண்டாம்.

மூங்கில் என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாங்குங்கள்: கொத்தாக வளருமா, ஓடிப் பரவுமா? கொத்தாக வளரும் ‘ஹெட்ஜ் பாம்பூ’ என்றால் சரி, அதுவும் நீளமான சிமென்ட் தொட்டியில். அழகுக்காக விற்கும் பெரிய மஞ்சள் மூங்கில் பங்களாவுக்கான செடி.

சின்ன இடத்துக்குச் சொல்லக்கூடியது அரேகா பாம். கொத்தாக வளரும், பாதி நிழலிலும் வரும், பெரிய தொட்டியில் வைத்தால் 6 முதல் 8 அடி வரை போகும். நமக்கு வேண்டியதே ஆறரைதானே! கடும் வெயில் பட்டால் இலை மஞ்சளாகும். வெயில் இருக்கும் பக்கத்துக்கு செம்பருத்தி, மருதாணி, நொச்சி. மூன்றும் வெட்ட வெட்ட அடரும். துவைக்கிற தண்ணீர் ஓடும் ஓரத்தில் இரண்டு வாழை வைத்தால் அந்த மூலைக்குத் தனியாகத் திட்டமே வேண்டாம். அரளி அடர்த்தியான வேலிதான், ஆனால் செடி முழுக்க விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்ப்பது நல்லது.

அடர்த்தி என்றதும் தரையில் இருந்தே புதராக விட்டுவிடாதீர்கள். கீழே ஒன்றரை அடியைக் கழித்து வெறுமையாக வைத்தால் பாம்பு, பூச்சி இருந்தால் தெரியும், பெருக்கவும் முடியும். மறைக்க வேண்டியது தலையை, கணுக்காலை இல்லை. தொட்டிக்கு அடியில் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள், டெங்கு கொசுவுக்கு அது போதும். மதிலை ஒட்டி மண்ணைக் குவித்தால் ஈரம் ஏறும், அதனால் அரை அடி இடைவெளி விடுங்கள்.

யாழ்ப்பாணத்து வேலி தெரியுமா?

மறைப்பை வளர்ப்பது தமிழர்களுக்குப் புதிதே இல்லை. யாழ்ப்பாணத்தில் தென்னங்கிடுகு பின்னிக் கட்டிய வேலிகள் வீட்டு முற்றத்தைத் தெருவின் கண்ணில் இருந்து முழுசாக மறைத்தன. கிடுகைத் தாங்கும் கம்பங்கள் வெறும் கட்டை இல்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு போன்ற மரங்களின் போத்துகளைக் ‘கதியால்’ என்று நட்டு, அவை துளிர்த்து உயிர்வேலி ஆகும். வெட்டிய குழை ஆட்டுக்கும் தோட்டத்து உரத்துக்கும் போகும். தென்னை ஓலை வருகிற வீடு என்றால் இன்றைக்கும் ஒரு தட்டி பின்னி நாற்காலிக்கு முன்னால் நிறுத்தலாம், செடி வளரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஓலை இல்லாத வீட்டில் அந்த இடைக்காலத்துக்கு ஷேட் நெட் இருக்கிறது. 75 சதவீத நெட்டைப் பந்தல் மேல் கட்டிவிட்டு, கொடி மூட மூட அவிழ்த்துக்கொண்டே வரலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செடி நட்டுவிட்டால் முதல் சில மாதம் தண்ணீர்க் கவலை குறையும், ஆனால் புயல் எச்சரிக்கை வரும்போது நெட்டைக் கழற்றிவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒரு வழியையும் முயன்று பார்க்கலாம். மாடி ஏறிப் போய், “அக்கா, உங்க கிச்சன் ஜன்னலுக்கு நேரா எங்க துவைக்கிற இடம் வருது. கீழ்ப் பாதிக்கு மட்டும் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டினா ரெண்டு பேருக்கும் சங்கடம் இருக்காதே” என்று கேட்பது. எதிர் ஜன்னலில் இருப்பவருக்கும் அதே கூச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது என்றால் பில்டரிடமே கேட்கலாம், கண்ணாடி மாற்றுவது அப்போது பெரிய வேலை இல்லை. பேசி வைத்துக்கொண்டால் இன்னொரு லாபமும் உண்டு. நாளைக்கு உங்கள் ரங்கூன் மல்லி அவர்கள் எல்லைக்குள் நீண்டால், தங்கள் பக்கம் வந்த கிளையை வெட்ட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. வெட்டுவதற்கு முன் ஒரு போன் வரும்.

கொடிக்கயிறு மட்டும் பந்தலுக்குக் கீழே வரக் கூடாது, துணிக்கு வெயில் வேண்டும். அதற்கு இரண்டு கயிறு கட்டுங்கள். ஜன்னல் பக்கக் கயிறு இரண்டு அடி உயரமாக இருக்கட்டும், பெட்ஷீட்டும் வேட்டியும் அதில். மற்றதெல்லாம் உள்பக்கக் கயிற்றில், வெயில் படும்படி, புடவைக்கு அடியில் ஒளிக்காமல்.