வீட்டை இழுக்க வண்டி மாடு போதும்: மோட்டார்ஹோம் இன்ஜினில் கை வைக்குமுன்...

கலிபோர்னியாவில் ஐ-5 நெடுஞ்சாலையில் லாஸ் ஏஞ்சலஸ் நோக்கித் தெற்கே வருபவர்களுக்கு கிரேப்வைன் ஏற்றம் நன்றாகத் தெரியும். சுமார் 8 கிலோமீட்டருக்கு விடாத ஏற்றம், சரிவு 6 சதவீதம். இன்ஜின் சூடேறாமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் அங்கே சாலையோரம் நிற்கின்றன. கோடை மதியத்தில், வீடும் வண்டியும் ஒன்றான பழைய மோட்டார்ஹோமில் குடும்பத்தோடு அந்த ஏற்றத்தில் ஊர்ந்து, பின்னால் லாரி ஹார்ன் அடிக்கும்போது, "இதைவிடப் பெரிய இன்ஜின் இருந்தால்!" என்று யாருக்கும் தோன்றும். அந்த நேரத்து ஆசைதான் பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஆயிரக்கணக்கான டாலர் பில்லாக வந்து நிற்கிறது. பணத்தைக் கொடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ஒரே இன்ஜின், இரண்டு குணம்

மோட்டார்ஹோமுக்குப் பெரிய இன்ஜின் புதிதல்ல. 1970-களில் டாட்ஜ் சேஸியில் (அடிச்சட்டத்தில்) 440 கன அங்குல இன்ஜின், ஃபோர்டில் 460, செவ்ரலே பி30-இல் 454 என்று 'பிக் பிளாக்' இன்ஜின்கள்தான் இந்த வீடுகளை இழுத்தன. 1973-இல் வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோமில் இருந்தது ஓல்ட்ஸ்மொபைலின் 455.

ஆனால் அளவு வேறு, குணம் வேறு. 1970-ஆம் ஆண்டின் செவல் காரில் எல்எஸ்6 என்ற பெயரில் வந்த 454 இன்ஜின் நிமிடத்துக்கு 5,600 சுழற்சியில் 450 குதிரைத்திறன் கொடுத்தது. அதே அளவுள்ள 454, பின்னாளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு செவ்ரலேயின் கனரக வண்டிகளில் வந்தபோது 3,600 சுழற்சியில் 230 குதிரைத்திறன்தான். 1970-இல் குதிரைத்திறனை அளந்த முறை வேறு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. ஆனால் கனரக இன்ஜினின் உச்ச டார்க், அதாவது இழுக்க உதவும் முறுக்குவிசை, வெறும் 1,600 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். ஒன்று பந்தயக் குதிரை, மற்றது வண்டி மாடு.

இன்றும் கதை அதேதான். 2020 மாடலில் அறிமுகமான ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8, பிக்கப் லாரியில் 5,500 சுழற்சியில் 430 குதிரைத்திறன் தருகிறது. அதே இன்ஜினை மோட்டார்ஹோம் சேஸிக்குக் கொடுத்தபோது 3,900 சுழற்சியில் 350 என்று கம்பெனியே குறைத்துக் கொடுத்தது. பல டன் சுமையோடு மணிக்கணக்காக உழைக்க வேண்டிய இன்ஜின் நீடித்து நிற்க வேண்டும் என்பதுதான் காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

7 டன் எடையும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு மோட்டார்ஹோமை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 95 கி.மீ. போக, காற்றின் எதிர்ப்பையும் டயர் உராய்வையும் சமாளிக்கச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 90 குதிரைத்திறன் போய்ச் சேர வேண்டும். 6 சதவீத ஏற்றத்தில் 65 கி.மீ. வேகத்துக்கு 135. அதே ஏற்றத்தில் 95 கி.மீ. வேகத்துக்கு 240. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகும் நட்டம் இதற்கு மேல்.

சரி, கிரேப்வைனில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 8 கிலோமீட்டரை 65-இல் ஏறினால் சுமார் ஏழரை நிமிடம், 95-இல் ஏறினால் சுமார் ஐந்து நிமிடம். இரண்டரை நிமிடத்துக்காகவா இத்தனை செலவு?

ஆபத்துகள்

முதல் ஆபத்து சூடு. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. குதிரைத்திறன் கூடக் கூட ரேடியேட்டரின் பாரமும் கூடும். பழைய மோட்டார்ஹோம்களில் இன்ஜின் இருப்பது ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, 'டாக்ஹவுஸ்' என்ற மூடிக்கு அடியில். அதைத் திறந்து பாருங்கள்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விரற்கடை தூரத்தில் பிளக் வயர்கள் போகும். சாதாரண இன்ஜினிலேயே அவை கருகுவதும், மேனிஃபோல்டில் விரிசல் விழுவதும், போல்ட் முறிவதும் வழக்கமான கோளாறுகள். கூடுதல் சூட்டை அங்கே அடைத்தால் தீ விபத்துக்கு வழி வைத்ததாகும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது: கார்பன் மோனாக்ஸைடு. எக்ஸாஸ்ட் ஜாயிண்டில் சிறு கசிவு இருந்தால்கூட, அந்த வாயு பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் வரலாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. எக்ஸாஸ்டில் எந்த வேலை செய்தாலும் கசிவுச் சோதனை செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். வண்டிக்குள் இருக்கும் அலாரத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மூன்றாவது பிரேக். இன்ஜினை மாற்றினால் வண்டி தாங்கக்கூடிய மொத்த எடையின் வரம்பு ஒரு கிலோகூட உயராது. பிரேக்கும் டயரும் பழையவைதான். வேகம் 100-லிருந்து 120 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. ஏறுவதற்குக் கூட்டிய பலம் இறக்கத்தில் காப்பாற்றாது.

உங்கள் உரிமைகள்

வாரண்டி: 1975-இல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு கம்பெனி பாகம் போட்டதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். ஆனால் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட பிறகு கியர்பாக்ஸ் உடைந்தால், அதைக் காட்டுவது அவர்களுக்கு எளிது. மோட்டார்ஹோமில் சேஸிக்கு ஒரு வாரண்டி, வீட்டுப் பகுதிக்கு இன்னொன்று என்பதையும் மறக்காதீர்கள்.

ரீகால்: பாதுகாப்புக் குறைபாட்டுக்காக அறிவிக்கப்பட்ட ரீகால் என்றால், 15 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில், எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட வண்டியின் அடையாளக் குறியை (வின்) போட்டுப் பாருங்கள். வீடு கட்டிய கம்பெனியின் பெயரிலும் தனியே தேடுங்கள்.

மாசுச் சட்டம்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போன்றவற்றைக் கழற்றுவது நாடு முழுவதும் சட்டவிரோதம். கலிபோர்னியாவில் 1976 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் மோட்டார்ஹோம்களுக்குப் பொதுவாக ஸ்மாக் சோதனை உண்டு. மாசை பாதிக்கும் உதிரிபாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். வேறு வகை இன்ஜினுக்கு மாறியிருந்தால் அரசின் 'ரெஃப்ரீ' என்ற சோதனை நடுவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு: பழைய கார்களின் கண்ணாடியில் வாரண்டி விவரத்தை ஒட்ட வேண்டும் என்ற மத்திய அரசின் விதி, எடை மிகுந்த மோட்டார்ஹோம்களுக்குப் பொருந்தாது. வாக்குறுதி எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

ஏமாந்தால் என்ன வழி?

கலிபோர்னியாவில் ஒர்க்‌ஷாப் வேலையைத் தொடங்குமுன் எழுத்துப்பூர்வமான மதிப்பீடு தர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் கேட்கக் கூடாது. வண்டியை விடும்போதே "பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள்" என்று சொல்லி வையுங்கள். தகராறு வந்தால் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பீரோவில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும். உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

வண்டியை நிரப்பி, குடும்பத்தோடு லாரி நிறுத்தத்து எடைமேடையில் ஏற்றுங்கள். வரம்புக்கு மேல் இருந்தால், அதற்கு மருந்து, சாமான்களைக் குறைப்பதுதான். ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், மேனிஃபோல்ட், பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். டயரில் உள்ள DOT குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்; பழையதானால் மாற்றுங்கள். அப்போதும் ஏற்றம் கடினமாக இருந்தால், ஆக்சில் விகிதத்தையும் கூடுதல் கியரையும் பற்றி மெக்கானிக்கிடம் பேசுங்கள். இன்ஜினே தேய்ந்துபோயிருந்தால், கம்பெனி கொடுத்த அதே குணத்தில், சுழற்சி குறைவாக இருக்கும்போதே இழுக்கும்படி புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கிரேப்வைனில் வலது ஓரமாக, நிதானமாக ஏறுங்கள். அந்த இரண்டரை நிமிடத்தை விட்டுக்கொடுங்கள். பின்னால் தூங்கும் பிள்ளைகள் பத்திரமாக இறங்க வேண்டும்.