கல்லூரியை நேரில் கண்டறிதல்

ஒரு சங்கத்திற்குத் தணிக்கைக்குச் செல்லும்போது நாம் முதலில் ஐந்தொகையைப் பார்ப்பதில்லை. சரக்கறையைத் திறக்கச் சொல்கிறோம். ஏட்டில் இருநூறு சேலை என்று எழுதியிருந்தால், இருநூறையும் எண்ணிய பின்னரே ஏட்டை நம்புகிறோம். இது அங்கத்தினர்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும், அதே அங்கத்தினர்கள் தம் பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் தம் சேமிப்பு முழுவதையும் ஒரு கல்லூரியிடம் ஒப்படைக்கையில், வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒப்படைக்கின்றனர்.

சென்ற ஆண்டு நம் சரகத்து நெசவாளர் ஒருவர், மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருமுன்பே, ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கென்று முன்பணம் கட்டிவிட்டார். நகைக்கடன் ஏட்டைப் பார்த்தபோதுதான் நமக்கு விஷயம் தெரிந்தது. அவ்வீட்டில் அதற்குமுன் பட்டம் பெற்றவர் எவருமில்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே அப்பெண் சேர்ந்திருந்தால், 2010-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டிற்கு அச்சலுகை கிடையாது. பெண்ணோ இரண்டாம் மாதமே வீடு திரும்பிவிட்டாள். சேரும் நாள் வரை அக்கல்லூரியை அவள் பார்த்ததேயில்லை.

இவ்வாண்டு அந்நெசவாளரின் தம்பி, மஞ்சள் பயிரிடுபவர், தம் மகனுடன் நம்மிடம் வந்தார். பையனுக்கு வேளாண்மையா, ஜவுளித் தொழில்நுட்பமா என்ற தயக்கம். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றோம். நமக்கும் இரண்டு நாள் விடுப்பு மீதமிருந்தது. பெரியப்பாவும் உடன் வருவதாகச் சொன்னார்.

முதலில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய பண்ணைப் பள்ளி பின்னர் கோயம்புத்தூருக்கு வந்து கல்லூரியாகி, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகம் காணத்தக்கதே. ஆனால் பையன் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. வயற்பகுதிக்கு வந்ததும் நடை தளர்ந்தது. இளநிலை மாணாக்கர் தாமே பாத்தி கட்டி, விதைத்து, களையெடுத்து, அறுவடை வரை பயிரைக் கவனிக்கும் செய்முறைப் பாடம் அங்கு உண்டு. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி உழவர்களோடு பணியாற்றவும் வேண்டும். இதைக் கேட்ட தந்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "மண்வெட்டியைக் கீழே வைக்கத்தானுங்களே படிக்க வைக்கிறோம்?" என்று நம்மிடம் கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. அதற்குள் பையன் ஒரு மூன்றாமாண்டு மாணவரிடம், மஞ்சளில் கிழங்கழுகல் வந்தால் இங்கு என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் பேச்சு அரைமணி நேரம் நீண்டது.

மறுநாள் ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஒரு தனியார் கல்லூரி. வரவேற்பறையில் குளிர்சாதனமும் பழரசமும் இருந்தன. தந்தை கேட்டதற்கெல்லாம் வேலைவாய்ப்பைப் பற்றியே விடை வந்தது. பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. தறிக்கூடத்தைப் பார்க்கலாமா என்று மட்டும் சொன்னார். தறிகளில் பாவு ஏறியிருந்தது. அவர் பாவின்மேல் விரலை ஓட்டி, அவ்விரலை நம்மிடம் காட்டினார். பல மாதத் தூசி! நம் அங்கத்தினர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தறி ஓடுகிறதா இல்லையா என்பதை எந்தத் தரச்சான்றும் ஒரு நெசவாளருக்கு மறைத்துவிட முடியாது. உழவருக்குப் பண்ணையும் அவ்வாறே.

ஆகவே வேலை நாளில் செல்லுங்கள். விழா நாளில் எல்லாக் கல்லூரியும் அழகாயிருக்கும். வாயிலில் நோக்கத்தைச் சொல்லி அனுமதி பெறுங்கள். உடன் வரும் வழிகாட்டி விலகியிருக்கும் நேரத்தில் இரண்டாமாண்டு மாணாக்கரைக் கேளுங்கள்: கல்விக் கட்டணம் போக வேறு என்னென்ன கட்டுகிறார்கள், மாலை ஐந்து மணிக்குமேல் நூலகம் திறந்திருக்கிறதா, விடுதியில் கோடையில் தண்ணீர் வருகிறதா, தமிழ்வழியில் படித்து வந்தவர் முதலாண்டில் எவ்வாறு சமாளித்தார். கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். பெற்றோர் சற்றுப் பின்னால் நடப்பது நலம். நமக்கும் அது எளிதாயிருக்கவில்லை.

பணத்தைக் குறித்துச் சில சொற்கள். ரசீது தராமல் எவரேனும் நன்கொடை கேட்டால் திரும்பிவிடுங்கள். 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அதைத் தடை செய்துள்ளது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தரவேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. நம் பையனும் அரசுப் பள்ளியில் படித்தவனே.

பொறியியல் கலந்தாய்வும் வேளாண்மைச் சேர்க்கையும் வெவ்வேறு விண்ணப்பங்கள் என்பதை மறவாதீர்கள். பொறியியலில் கல்லூரிகளை நாம் எழுதும் வரிசை முக்கியம். தரவரிசைப்படி நம் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியுள்ள முதல் இடத்தையே தருவார்கள். ஆதலால் உண்மையில் விரும்புவதை மேலே எழுதவேண்டும். ஒரே சாயலில் பெயர் கொண்ட கல்லூரிகள் பல உள்ளமையால், கல்லூரியின் குறியீட்டு எண்ணை நேரில் சென்றபோதே குறித்து வாருங்கள்.

ஊர் திரும்பும் பேருந்தில் பையன் மஞ்சள் மண்டி ரசீதின் பின்புறம் தன் பட்டியலை எழுதினான். முதலில் கோயம்புத்தூர், அடுத்து மதுரை, மூன்றாவதாகக் கிள்ளிகுளம். "அது எங்கடா இருக்குது?" என்றார் தந்தை. தூத்துக்குடி மாவட்டத்தில் 1984-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி என்று நாம் சொன்னோம். பையன் மூன்றாவது பெயரைப் பேனாவால் சுழித்துவிட்டு, பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றான். வரும் திங்கட்கிழமை இருவரும் புறப்படுகின்றனர். அன்று கல்லூரிக்கு வேலை நாள்தானா என்று முன்னதாகக் கேட்டறியச் சொல்லியிருக்கிறோம்.