பினாமித் தளங்களால் கூகுளில் மேலே வர முடியுமா?

“மாதம் நூறு பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்” என்று கூவி விற்பவர்களை இணையதளம் வைத்திருக்கும் வணிகர்கள் பலரும் சந்தித்திருப்பார்கள். பேக்லிங்க் என்பது வேறொரு தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. அந்த இணைப்புகள் எந்தத் தளங்களிலிருந்து வரும் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். பல நேரங்களில் அவை விற்பவரே கட்டி வைத்திருக்கும் துணைத் தளங்கள். இத்துறையினர் இவற்றைச் சாட்டிலைட் தளங்கள் என்பார்கள். பல தளங்களைக் கோத்து வலையாக்கினால் அது பிபிஎன், அதாவது பிரைவேட் பிளாக் நெட்வொர்க்.

இணைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

தொடக்கக் காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களையே நம்பின. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்தவர்கள் சுலபமாக மேலே வந்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறொரு சான்றைத் தேடினார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையின் தகுதியை, அதை மேற்கோள் காட்டும் மற்ற கட்டுரைகளை வைத்து எடைபோடும் வழக்கம் கல்வி உலகில் உண்டு. இணையப் பக்கங்களுக்கும் அந்த அளவுகோலைப் போட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்த கணக்குதான் பேஜ்ரேங்க். அதன்மேல் எழுந்த நிறுவனம் 1998இல் தொடங்கிய கூகுள்.

இந்தக் கணக்கில் எல்லா இணைப்புக்கும் ஒரே எடை கிடையாது. இணைப்புத் தரும் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறதோ அதில் ஒரு பங்குதான் கைமாறும். அந்தப் பக்கம் பத்துப் பேருக்கு இணைப்புத் தந்தால் பங்கும் பத்தாகப் பிரியும். எனவே யாரும் எட்டிப் பார்க்காத ஆயிரம் பக்கங்கள் சேர்ந்து தருவதைவிட, பலர் மதிக்கும் ஒரே பக்கம் கூடுதலாகத் தரக்கூடும்.

துணைத் தளம் எப்படிக் கட்டப்படுகிறது?

பினாமி சொத்துப் போலத்தான் இதுவும்: பத்திரத்தில் வேறு பெயர், அனுபவிப்பவர் ஒருவரே. பத்துப் பேர் பரிந்துரைப்பதாகத் தோன்றும், பின்னால் இருப்பது ஒரே கை.

புதிதாகத் தொடங்கிய தளத்துக்கு மற்றவருக்குக் கொடுக்க மதிப்பு எதுவும் இருக்காது. அதனால் காலாவதியான டொமைன்களை, அதாவது பழைய தள முகவரிகளை, தேடி வாங்குகிறார்கள். மூடப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்தின் முகவரிக்குப் பழைய செய்தித் தளங்களிலிருந்து வந்த இணைப்புகள் அப்படியே நிற்கும். அந்த முகவரியை வாங்கி, நாலு கட்டுரை போட்டு, நடுவே வாடிக்கையாளரின் கடைக்கு ஓர் இணைப்பைச் செருகிவிட்டால் பழைய நல்ல பெயர் புதிய முதலாளிக்கு உழைக்கும்.

எங்கே பிடிபடுகிறது?

ஒரே சர்வர், ஒரே வடிவமைப்பு, பல தளங்களிலும் வருகையை எண்ணும் ஒரே அனலிடிக்ஸ் குறியீடு: இவை எளிதில் கண்ணில் படும் தடயங்கள். கவனமான ஆட்கள் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பார்கள். ஆனால் மறைக்க முடியாத தடயம் இணைப்புகளின் போக்கிலேயே இருக்கிறது. தாமாக இணைப்புத் தருபவர்களில் ஒருவர் கடையின் பெயரை எழுதுவார், ஒருவர் முகவரியை ஒட்டுவார், இன்னொருவர் ‘இங்கே பாருங்கள்’ என்பார். காசுக்குப் போடப்படும் இணைப்புகளில், ‘குறைந்த விலை சோபா’ போன்ற, விற்பனைக்கு வேண்டிய அதே சொற்றொடர் தளத்துக்குத் தளம் வரும்.

அமெரிக்கப் பல்பொருள் அங்காடி நிறுவனமான ஜேசி பென்னியின் கதை இதற்கு நல்ல சான்று. 2010 இறுதியின் விழாக்கால விற்பனையின்போது ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் அந்த நிறுவனமே முதலில் நின்றது. சாம்சொனைட் கைப்பெட்டியைத் தேடியவர்களுக்குக்கூட, சாம்சொனைட்டின் சொந்தத் தளத்துக்கு மேலே ஜேசி பென்னி வந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு நிபுணரை வைத்து ஆராய்ந்தது. ஆடை தொடர்பான சொற்றொடர்களில் ஜேசி பென்னிக்கு இணைப்புத் தந்த 2,015 பக்கங்கள் அகப்பட்டன. அவற்றில் பல, நோய்கள், நாய்கள், குறட்டை, மீன்பிடிப்பு என்று ஆடைக்குச் சம்பந்தமே இல்லாத தளங்கள்.

2011 பிப்ரவரியில் செய்தி வெளியாகும் தறுவாயில் கூகுள் நடவடிக்கை எடுத்தது. கைப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த ஜேசி பென்னி சில மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. இந்த இணைப்புகள் தங்களுக்குத் தெரியாமல் நடந்தவை என்று கூறிய நிறுவனம், தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்இஓ வேலையைக் கவனித்த ஒப்பந்த நிறுவனத்தை விலக்கியது. யார் போட்டதாக இருந்தாலும் சரிவு தளத்தின் உரிமையாளர் தலையில்தான் விடிந்தது.

இப்போது நிலைமை என்ன?

அன்று ஆள் பார்த்துச் செய்ததை இன்று பெரும்பாலும் மென்பொருள் செய்கிறது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் கணக்கில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை அது பாதித்தது. 2016இல் பெங்குவின் கூகுளின் மையக் கணக்கிலேயே சேர்ந்தது. அதன்பின் அணுகுமுறையும் மாறியது: தளத்தைக் கீழே தள்ளுவதைவிட, போலி இணைப்பின் எடையைப் பூஜ்யமாக்கிவிடுவது. 2022 டிசம்பர் முதல் ஸ்பேம்பிரெய்ன் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பும் இதே வேலைக்கு வந்தது. 2024 மார்ச்சில், காலாவதி டொமைன்களின் பழைய பெயரைச் சுரண்டுவதையும் கூகுள் தனி விதிமீறலாக அறிவித்தது.

பணம் கொடுப்பவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கூகுளின் ஆட்களே பார்த்துத் தண்டித்தால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் எச்சரிக்கை தெரியும். எடை பூஜ்யமானால் எந்த அறிவிப்பும் வராது. மாதாமாதம் கட்டணம் போய்க்கொண்டிருக்கும், அறிக்கையில் இணைப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும், தரவரிசை மட்டும் அசையாது.

ஒருவரே பல தளம் வைப்பது தவறா?

தவறில்லை. உணவகமும் தங்கும் விடுதியும் நடத்துபவர் இரண்டுக்கும் தனித்தளம் வைக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டலாம், வருபவருக்கு அது பயன்படும். தேடுபொறியை ஏமாற்றுவது ஒன்றுக்காகவே தளம் எழும்போதுதான் சிக்கல். காசு வாங்கி இணைப்புத் தருவதுகூட விளம்பரமாக இருக்கலாம். ஆனால் அதில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோஃபாலோ’ குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி.

எஸ்இஓ நிறுவனத்திடம் வேலை கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இணைப்பு வரப்போகும் தளங்களின் பட்டியலைத் தருவீர்களா? அவை யாருடையவை? கட்டணத்தை நிறுத்தினால் இணைப்பு நிற்குமா, போய்விடுமா? மூன்றாவது கேள்விக்கு ‘போய்விடும்’ என்று பதில் வந்தால் நீங்கள் வாங்குவது வாடகை இணைப்பு. ஏற்கெனவே சிக்கி, கூகுளின் எச்சரிக்கையும் வந்துவிட்டால், இணைப்புகளை முடிந்தவரை நீக்கச் சொல்லுங்கள். நீக்க முடியாதவற்றை டிஸவோ கருவியில் பட்டியலிட்டுக் கூகுளுக்குத் தெரிவிக்கலாம்.

பிடிபடாத துணைத் தளம் வேண்டுமென்றால் அதற்குத் தனி வடிவமைப்பும், தரமான கட்டுரைகளும், உண்மையான வாசகர்களும் வேண்டும். அவ்வளவு செலவும் உழைப்பும் போடத் தயார் என்றால், அதைச் சொந்தத் தளத்திலேயே போட்டுவிடலாம். இணைப்புத் தர மற்றவர்களுக்கு அங்கே காரணம் இருக்கும்.