சக்கரம் கட்டிய கபடி: ரோலர் டெர்பி என்றால் என்ன? இலஞ்சியில் இருந்துகொண்டே பழக முடியுமா?

ஸ்கூல்ல கபடி, கோ-கோ என்று ஓடியாடியவர்கள், வேலைக்குப் போன பிறகு என்ன ஆடுகிறார்கள்? ஆண்களுக்காவது ஷட்டில், டர்ஃப் கிரிக்கெட் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. பெண்களில் பலருக்கு வாக்கிங்கோடு கதை முடிந்துவிடுகிறது. இடித்து, தள்ளி, விழுந்து, எழுந்து ஆடும் குழு விளையாட்டு எல்லாம் பன்னிரண்டாம் வகுப்போடு சரி.

இந்த இடத்தில்தான் ரோலர் டெர்பி கவனத்துக்கு வருகிறது. இருபத்தைந்து, முப்பது வயதுக்கு மேல், அதுவரை ஸ்கேட்டிங் ஷூவைத் தொட்டே பார்க்காதவர்கள் புதிதாகச் சேரும் விளையாட்டு இது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் இலஞ்சி மாதிரி ஊரில் இருந்து இதை ஆரம்பிக்க முடியுமா? பார்க்கலாம்.

எப்படி ஆடுவார்கள்?

கபடி தெரிந்தவருக்கு இது பாதி புரிந்த மாதிரிதான். முட்டை வடிவத் தளம் ஒன்று. நீளம் கிட்டத்தட்ட கூடைப்பந்து மைதானம் அளவு, அகலம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டு அணிகள். ஒரு நேரத்தில் அணிக்கு 5 பேர் களத்தில் நிற்பார்கள். எல்லோர் காலிலும் நான்கு சக்கர ஸ்கேட்.

ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டிருப்பவர் 'ஜாமர்'. நம்ம ஊர் ரைடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 4 பேரும் 'பிளாக்கர்'கள். அவர்களில் ஹெல்மெட்டில் பட்டை போட்டிருப்பவர் 'பிவட்'. தேவைப்பட்டால் ஜாமரின் நட்சத்திர உறையை வாங்கி மாட்டிக்கொண்டு, அவரே ஜாமர் ஆகிவிடலாம்.

விசில் அடித்ததும் இரண்டு ஜாமர்களும் பின்னால் இருந்து கிளம்பி, பிளாக்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். முதல் சுற்றுக்குப் புள்ளி கிடையாது. சுற்றி வந்து மறுபடி கூட்டத்துக்குள் நுழையும்போதுதான் கணக்கு ஆரம்பம். தாண்டும் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி.

இந்த ஒரு ரெய்டுக்குப் பெயர் 'ஜாம்'. அதிகபட்சம் 2 நிமிடம். அடுத்த ஜாமுக்கு 30 விநாடி இடைவெளி. மொத்த ஆட்டம் 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி.

விதிப்படி முதலில் வெளியே வரும் ஜாமருக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. இடுப்பில் இரண்டு கையாலும் தட்டிக் காட்டினால் ஜாம் அந்த நொடியே முடிந்தது. நாலு புள்ளி எடுத்துவிட்டு, எதிரணி ஜாமர் ஒன்றும் எடுப்பதற்குள் தட்டிவிடலாம். வேகத்தைவிட இந்த நேரக்கணக்குதான் பல ஆட்டங்களைத் தீர்மானிக்கிறது.

அப்போ எப்படி வேண்டுமானாலும் இடிக்கலாமா?

இல்லை. தோள், மேல்கை, மார்பு, இடுப்பு ஆகியவற்றால் இடிக்கலாம். முழங்கையை வீசுவது, கையால் பிடித்து இழுப்பது, முதுகில் தள்ளுவது, தலையில் மோதுவது, கால் தட்டிவிடுவது எல்லாம் தப்பு. தப்பு செய்தால் 30 விநாடி வெளியே உட்கார வேண்டும். ஒரே ஆட்டத்தில் 7 முறை அப்படிப் போனால், அன்றைக்கு அவ்வளவுதான்.

இது எங்கிருந்து வந்தது?

1935-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் லியோ செல்ட்சர் என்பவர், ஆண்களும் பெண்களும் ஜோடியாக நாள்கணக்கில் சுற்றும் ஸ்கேட்டிங் போட்டியாக இதைத் தொடங்கினார். சுற்றுவதைவிட, இடித்துக்கொண்டு விழுவதைத்தான் கூட்டம் ரசித்தது. விதிகளும் அதற்கேற்ப மாறின. டிவியில் கொடிகட்டிப் பறந்து, 1970-களில் மங்கிப்போனது.

2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாகாணத்தின் ஆஸ்டினில் பெண்கள் அதைத் திரும்பக் கையில் எடுத்தார்கள். இந்த முறை முதலாளி கிடையாது. இடம் பிடிப்பது, சந்தா வசூலிப்பது, டிக்கெட் விற்பது என எல்லாமே ஆடுபவர்கள் கையில். 2009-ல் ட்ரூ பேரிமோர் இயக்கிய 'விப் இட்' படம் இந்த உலகத்தைத்தான் காட்டியது. சர்வதேச அமைப்பான வேர்ல்ட் ஸ்கேட்டும், இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பும் இதைத் தங்கள் பிரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் சக்கரத்துக்கும் என்ன தொடர்பு?

நிறைய. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3,000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுமே வெண்கலம் வென்றன. பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன். ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். அதே ஆனந்த்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் அவர்தான்.

ஆனால் இவர்கள் ஓடுவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த 'இன்லைன்' ஸ்கேட்டில். டெர்பிக்கு வேண்டியது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்ற 'குவாட்' ஸ்கேட். இன்லைன் வேகத்துக்கு; குவாட் பக்கவாட்டில் நகரவும், இடி வாங்கி நிலைத்து நிற்கவும். ஷூ வாங்கும்போது இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

பயிற்சி எப்படி இருக்கும்?

முதல் பாடம் ஓடுவதல்ல, விழுவது. பின்பக்கமாக விழுந்தால் வால் எலும்புக்கும் மணிக்கட்டுக்கும் ஆபத்து. அதனால் முழங்கால் கவசத்தில் முன்பக்கமாக விழப் பழக்குவார்கள். விழுந்ததும் கையை மடக்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருபவரின் சக்கரம் விரலில் ஏறிவிடக் கூடாது இல்லையா?

இரண்டாவது, நிற்பது. குதிகால்களை வெளிப்பக்கம் தள்ளி ஏர் உழுவது போல நிறுத்துவது ஒரு வகை. ஒரு காலைப் பின்னால் குறுக்கே போட்டு இழுத்து நிறுத்துவது இன்னொரு வகை. அதன் பிறகுதான் வளைவில் கால் மாற்றிப் போடுவது, பின்பக்கமாகத் திரும்புவது. பல அணிகளில் 5 நிமிடத்தில் 27 சுற்று என்பது ரொம்ப நாள் பரீட்சையாகவே இருந்தது. இதெல்லாம் தேறிய பிறகே இடிக்க விடுவார்கள்.

ஸ்கேட் இல்லாத நாளிலும் வேலை உண்டு: ஸ்குவாட், பிளாங்க், ஒற்றைக் காலில் நிற்பது. ஹெல்மெட், பல் கவசம், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள் ஐந்தும் கட்டாயம். பட்ஜெட் இடித்தால் ஷூவில் குறைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் கவசத்தில் வேண்டாம்.

இலஞ்சியில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊரே கொண்டாடும் சீசன், சக்கரத்துக்கு எதிரி. ஈரத்தரையில் ஸ்கேட் பிடிமானம் இழக்கும். பேரிங்கில் தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். அந்த மாதங்களில் கூரை போட்ட இடம்தான் வழி. முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபமோ, பள்ளியின் உள்ளரங்கமோ கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, தரை. தார் ரோடு வேண்டாம். வழுவழுப்பான சிமென்ட் தளம் போதும். சொரசொரப்பான தரைக்கு 78ஏ போன்ற மென்மையான சக்கரமும், உள்ளரங்குக்கு 90ஏ-க்கு மேற்பட்ட கடினமான சக்கரமும் பொருந்தும்.

மூன்றாவது, ஆள். இதுதான் பெரிய சிக்கல். முழு ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் தவிர 7 நடுவர்கள் வரை தேவைப்படும். ஆனால் பழகுவதற்கு நாலு பேர் போதும்: ஒருவர் ஜாமர், மூன்று பேர் சுவர். மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, ஊரை விட்டுப் போகாமலே ஐடி வேலை பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்வது நடக்காத காரியமில்லை.

வீட்டில் என்ன சொல்வது?

'கை கால் போனா என்ன பண்றது?' என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அதில் நியாயமும் இருக்கிறது. சுளுக்கு, எலும்பு முறிவு இந்த விளையாட்டில் வரக்கூடியவைதான். அதனால் காப்பீடு, முதலுதவி தெரிந்த ஒருவர், படிப்படியான பயிற்சி மூன்றும் இல்லாமல் இடிக்க ஆரம்பிக்கக் கூடாது. இடிபட விருப்பமில்லாதவருக்கும் இடம் உண்டு. நடுவர், நேரம் பார்ப்பவர், புள்ளி எழுதுபவர் எல்லோரும் அணியின் பகுதிதான்.

சம்பளம் கிடையாது, பதக்கமும் சீக்கிரம் வராது. வாரத்தில் இரண்டு சாயங்காலம், எடையோ உயரமோ கேட்காத ஒரு கூட்டம் கிடைக்கும். சுவர் போல நிற்க அகலமான உடம்பு வேண்டும். இடுக்கில் நுழைய ஒல்லியான உடம்பு வேண்டும். இரண்டுக்குமே இங்கே வேலை இருக்கிறது. டெர்பி ஆடுபவர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். 'சாரல் சூறாவளி' என்று நம்ம பக்கம் ஒருவர் வைத்துக்கொண்டால் எடுப்பாகத்தான் இருக்கும்.