விண்வெளியில் ஓர் இழுவை வண்டி!

குழந்தைகளே! பெட்ரோல் தீர்ந்துபோன பைக்கை, பின்னால் இன்னொரு வண்டியில் வரும் நண்பர் காலால் தள்ளிக்கொண்டு போவதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். பூமியில் சரி, 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோளுக்கு எரிபொருள் தீர்ந்துபோனால் யார் வந்து தள்ளுவது? அதற்கும் ஒரு வண்டி வந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

இன்டெல்சாட் 901 என்ற செயற்கைக்கோள் 2001 ஜூன் மாதம் ஏவப்பட்டது. அட்லாண்டிக் பெருங்கடல் பகுதியில் தகவல் தொடர்புக்கு உதவுவது அதன் வேலை. 18 ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. கருவிகள் எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால், எரிபொருள் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

எரிபொருள் எதற்கு?

விண்வெளியில் காற்றே இல்லை. ஒருமுறை ஏவிவிட்டால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்குமே, எரிபொருள் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி!

36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். அதனால், கீழிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனா ஒரே திசையைப் பார்த்தபடி இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால், சந்திரனும் சூரியனும் செயற்கைக்கோளைச் சிறிது சிறிதாக இழுக்கின்றன. பூமியும் சரியான உருண்டை இல்லை. இதனால், செயற்கைக்கோள் மெல்ல மெல்ல இடம் மாறும். அவ்வப்போது சிறிய எஞ்சின்களை இயக்கி, அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் எரிபொருள்.

எரிபொருள் முழுவதும் தீருவதற்கு முன், செயற்கைக்கோளைச் சுமார் 300 கி.மீ. மேலே தள்ளிவிடுவார்கள். மற்ற செயற்கைக்கோள்களுக்கு இடைஞ்சல் இல்லாத அந்த இடத்துக்கு 'கல்லறைச் சுற்றுப்பாதை' என்று பெயர். இன்டெல்சாட் 901-ம் 2019 டிசம்பரில் வேலையை நிறுத்திவிட்டு அங்கே புறப்பட்டது.

வந்தது உதவி!

அதற்கு முன்பே, 2019 அக்டோபர் 9-ம் தேதி கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து எம்.இ.வி.-1 என்ற விண்கலம் ரஷ்ய ராக்கெட் மூலம் கிளம்பியிருந்தது. அமெரிக்காவின் நார்த்ராப் க்ரம்மன் நிறுவனம் செய்தது அது. அதில் செனான் என்ற வாயு இருந்தது. சூரிய ஒளியிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தால் அந்த வாயுவை மிக வேகமாகப் பின்னால் தள்ளினால், விண்கலம் முன்னால் நகரும். இந்த எஞ்சின் தரும் உந்துவிசை, சில காகிதத் தாள்களின் எடை அளவுதான்! ஆனாலும், வாரக்கணக்கில் விடாமல் தள்ளியதால் வேண்டிய உயரத்துக்கு ஏறிவிட்டது.

இனிதான் கஷ்டமான வேலை. இரண்டும் விநாடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. மோதி உடைந்தால், துண்டுகள் பல நூறு செயற்கைக்கோள்கள் உள்ள பாதையில் சிதறிவிடும். அங்கே காற்று இல்லாததால் அவை கீழே விழுந்து எரிந்தும் போகாது. காலம் காலமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான், இந்த முதல் முயற்சியைக் கல்லறைச் சுற்றுப்பாதையில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கல்! இன்டெல்சாட் 901-ல் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எதுவும் கிடையாது. பின்னால் வந்து ஒருவர் பிடிப்பார் என்று 2001-ல் யார் நினைத்தார்கள்? பொறியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செயற்கைக்கோளின் பின்புறம், புனல் போன்ற எஞ்சின் வாய் இருக்கிறது. அதன் குறுகிய கழுத்துக்குள் ஒரு கம்பியை நுழைத்தார்கள். உள்ளே போனதும் கம்பியின் நுனி, குடை போல விரிந்துகொண்டது. குறுகிய வாய் உள்ள பானைக்குள் குடையை விரித்தால் வெளியே வருமா? வராது! பிறகு கம்பியை இழுத்து, இரண்டையும் இறுக்கமாகச் சேர்த்துவிட்டார்கள். 2020 பிப்ரவரி 25-ல், இந்திய நேரப்படி பகல் 12.45 மணிக்கு இது நடந்தது. ஏற்கனவே பணியில் இருந்த ஒரு வணிகச் செயற்கைக்கோளை இன்னொரு வணிக விண்கலம் போய்ப் பிடித்தது அதுவே முதல் முறை.

எம்.இ.வி.-1 எரிபொருளை ஊற்றவில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு, தன் எஞ்சின்களாலேயே இரண்டையும் நகர்த்தியது. கீழே கொண்டுவந்து புதிய இடத்தில் நிறுத்தியது. 2020 ஏப்ரல் 2-ம் தேதி இன்டெல்சாட் 901 மறுபடியும் வேலைக்கு வந்தது! ஒப்பந்தப்படி ஐந்து ஆண்டுகள் உழைத்தது. 2025 ஏப்ரலில் எம்.இ.வி.-1 அதைக் கல்லறைச் சுற்றுப்பாதையில் பத்திரமாக விட்டுவிட்டுப் பிரிந்தது, அடுத்த செயற்கைக்கோளுக்கு உதவுவதற்காக!

மற்றவர்களும் வந்தார்கள்

2021 ஏப்ரலில் எம்.இ.வி.-2, இன்டெல்சாட் 10-02 செயற்கைக்கோளைப் பணியில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செயலிழந்த பெய்டூ செயற்கைக்கோள் ஒன்றை இழுத்துச் சென்று மேலே விட்டது.

இந்தியாவும் இதற்கான முதல் பாடத்தைக் கற்றுவிட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 டிசம்பர் 30-ல் சென்ற இரண்டு 'ஸ்பேடெக்ஸ்' செயற்கைக்கோள்களை, 2025 ஜனவரி 16-ல் இஸ்ரோ விண்வெளியில் ஒன்றாக இணைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா.

நல்ல கருவியை, ஒரே ஒரு குறைக்காகத் தூக்கி எறியத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் இழுவை வண்டி பிறந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒதுக்கி வைத்த பொருள் என்ன இருக்கிறது? அதற்கு என்ன குறை? தேடிப் பாருங்கள், குழந்தைகளே!