திருமணப் பதிவும் சம உரிமையும்: சட்டம் என்ன சொல்கிறது?

விவாகப் பதிவுச் சான்றிதழின் பெறுமதி பலருக்கும் இடம்பெயர்ந்த பின்னரே தெரிய வருகிறது. கணவன் இறந்து காணி, சேமிப்பு பற்றிய கேள்வி எழும்போது அதிகாரி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், பொதுச் சட்டத்தின்படி அவருடைய சொத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். திருமணத்துக்குச் சிறந்த சான்று பதிவுதான்.

அப்படியானால், பதிவு செய்ய முடியாதவர்களின் நிலை என்ன?

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

எமது நாட்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதன்கீழ் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செய்யும் திருமணமே பதிவாகிறது. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் எத்தனை வருடம் ஒன்றாக உழைத்துக் குடும்பம் நடத்தினாலும் அவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியர்களே. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மற்றவருக்கு எதுவும் சேராது.

இதற்கும் மேலே ஒரு தடை உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இத்தகைய உறவைக் குற்றமாக்குகின்றன. இவை ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தவை. முன்பு ஆண்களை மட்டுமே குறித்த 365அ பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களுக்கும் பொருந்துமாறு விரிவாக்கப்பட்டது.

2022இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தத் தண்டனையை நீக்கத் தனியார் உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே போயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சட்டமூலம் தண்டனையை நீக்கவே முயன்றது. திருமண உரிமை தருவதைப் பற்றி அதில் எதுவுமில்லை. இவை இரண்டும் வேறு வேறு படிகள்.

நீதிமன்றமே மாற்றிவிடலாகாதா?

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. எனவே பழைய சட்டத்தை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திடமே உள்ளது. அங்கே வாக்கு எண்ணிக்கைதான் பேசும்.

வாக்கு எண்ணிக்கை பேசும்போது சிறு கூட்டத்தாருக்கு என்ன நேரும் என்பதை மலையக மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தால் முடிவு காண 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. தாயின் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கலாம் என்ற சமத்துவமும் அதே வருடத்தில்தான் வந்தது.

பிரதேச சபையால் என்ன செய்ய முடியும்?

விவாகச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் பிரதேச சபைக்கு இல்லை. ஆனால் சட்டம் மாறினால்தான் உள்ளூர் நிர்வாகம் கை நீட்டும் என்பதற்கு எமது தோட்டங்களே உதாரணம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போட்டவனின் லயத்துக்குப் பாதை போட முடியவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

நேபாளத்திலும் இதைக் காணலாம். 2023 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணங்களைத் தற்காலிகமாகப் பதிவு செய்யுமாறு இடைக்கால உத்தரவிட்டது. அதன் பின்னர் நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தின் ஒரு கிராமிய சபையே முதல் பதிவைச் செய்தது. இந்தியாவிலோ 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இது பாராளுமன்றம் தீர்மானிக்க வேண்டிய விடயம் என்று கூறிவிட்டது. தாய்லாந்தில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

நாம் செய்யக்கூடியவை

• விவாகப் பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பதிவு செய்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி பெறுங்கள்.

• திருமணம் பதிவு செய்ய இயலாதவர்கள், தம் துணைக்குச் சேரவேண்டியதை உயிலாக எழுதிவைக்கலாம். ஒரு சட்டத்தரணியின் உதவியை நாடுவது நல்லது.

• கைது செய்யப்படும் எவருக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும். அரச அதிகாரி ஒருவர் அடிப்படை உரிமையை மீறினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ முறையிட வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. பெரும்பான்மையோர் விரும்பவில்லை என்பதற்காக ஒரு கூட்டத்தாரின் உரிமையை மறுக்கலாமா? 1948இல் எம்மவர் இதற்கு என்ன பதில் சொன்னார்கள்?

2. ஒருவருடைய வாழ்க்கையை நாம் ஏற்றுக்கொள்ளாதிருப்பதும், அதற்காக அவரைச் சிறைக்கு அனுப்புவதும் ஒன்றா?

3. எமது ஊரில் திருமணப் பதிவில்லாததால் உரிமை இழந்து நிற்கும் குடும்பங்கள் எவை? அவர்களுக்கு இந்த மாதமே என்ன செய்யலாம்?