முதல் ஆயில் சேஞ்ச்: 1,000 கிலோமீட்டரிலா, 10,000-லா?

போத்தனூர்ல இருந்து பேசறேன். ஆடியோல கேட்டவங்களுக்கு நடுநடுவே ரயில் ஹாரன் வந்திருக்கும், மன்னிச்சுக்கங்க. படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

போன எபிசோட்ல சொன்ன மாதிரி, புது கார் வந்தாச்சு. ஐ20 என் லைன். 1.0 லிட்டர், மூணு சிலிண்டர், டர்போ, 120 பிஎஸ். "இதெல்லாம் பெர்ஃபார்மன்ஸ் காரா?"ன்னு கமென்ட் போடப் போறவங்க கொஞ்சம் பொறுங்க, ஈஎம்ஐ கட்டறது நான்தான்.

900 கிலோமீட்டர் ஓடியிருக்கு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஒரு டிராக் டேக்குப் போகலாம்னு நண்பர்கள் கூப்பிட்டாங்க. ஃபார்முலா மாருதி காரை உருவாக்கின கரிவர்தனோட பேர்ல இருக்கிற டிராக். அவர் 1995-ல விமான விபத்துல இறந்துட்டார், டிராக் 2003-ல திறந்தது. சின்ன வயசுல வேலிக்கு வெளிய நின்னு பார்த்த இடத்துல நம்ம காரை ஓட்டறதுன்னா சும்மாவா? ஆனா அதுக்கு முன்னாடி ஆயில் மாத்தணுமா, வேண்டாமா?

சர்வீஸ் சென்டர்ல கேட்டேன். "தேவையே இல்லைங்க சார், 10,000-ல வாங்க"ன்னாங்க. குறிச்சி சிட்கோல லேத் பட்டறை வச்சிருக்கிற எங்க மாமா, "ஏன்டா, புது கிரைண்டர்ல முதல் மாவை யாராச்சும் இட்லி ஊத்துவாங்களா?"ன்னாரு.

நான் படிச்சது மெக்கானிக்கல், பிழைக்கிறது ஜாவாவுல. ஆனாலும் சொல்றேன், நாலு வருஷ காலேஜ்ல இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை. நம்ம ஊர் கிரைண்டர் புதுசா வந்தா அம்மா என்ன பண்ணுவாங்க? தவிடோ பழைய அரிசியோ போட்டு ஓட்டி, அரைஞ்சதைக் கொட்டிடுவாங்க. கல்லும் கல்லும் உரசி சமமாகிறப்ப வர்ற துகள் அதுல இருக்கும்.

இன்ஜின்லயும் அதேதான். சிலிண்டர் சுவரை ஃபேக்டரில கண்ணாடி மாதிரி வழவழன்னு விடமாட்டாங்க. ஹோனிங் பண்ணி, குறுக்கும் நெடுக்குமா ரொம்ப மெல்லிய கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கோட்டுப் பள்ளத்துலதான் ஆயில் தங்கும். மேட்டு முனைகளை பிஸ்டன் ரிங் உரசி உரசித் தட்டையாக்கி, தனக்கு ஏத்த மாதிரி உட்காரும். அதுக்குப் பேர்தான் ரன்னிங்-இன். உதிர்ந்த துகள் எல்லாம் ஆயில்ல வந்து சேரும். கேஸ்கெட் போடற இடத்துல பூசின சீலன்ட்டோட சிலிக்கானும் கூடவே வரும்.

"ஃபில்டர் எதுக்கு இருக்கு?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. சாதாரண ஆயில் ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேல இருக்கிறதை நல்லாப் பிடிக்கும். அதைவிடப் பொடிசு திரும்பத் திரும்ப சுத்திக்கிட்டே இருக்கும். பேரிங்ல ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். டர்போவோ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல, அந்தப் படலத்தை நம்பி மட்டும் சுத்துது.

அப்போ சர்வீஸ் சென்டர் சொன்னது தப்பா? இல்லைங்க. மாமா மனசுல இருக்கிறது 80-கள்ல வந்த இன்ஜின். இப்போ ஹோனிங்லயே மேட்டு முனைகளைச் சீவிடறாங்க, அதனால உதிர்வது ரொம்பக் கம்மி. வீடு, ஆபீஸ், மாசம் ஒருக்கா பொள்ளாச்சின்னு ஓட்டறவங்க புத்தகத்துல போட்ட கணக்குப்படி மாத்தினாலே இன்ஜின் நல்லா இருக்கும். டிராக்ல ரெட்லைன் வரைக்கும் இழுக்கப் போறவங்க கதை வேற. பிஎம்டபிள்யூவோட முழு எம் கார்களுக்கு 2,000 கிலோமீட்டர்லயே ஆயில் மாத்தணும்னு கம்பெனியே வச்சிருக்கு. அதனால நான் மாத்தினேன்.

எந்த ஆயில்? புத்தகத்துல இருக்கிற கிரேடு, அவ்வளவுதான். "ரேஸுக்கு கெட்டியா ஊத்து"ங்கிற அறிவுரையை நம்பாதீங்க. ஒண்ணு மட்டும் பாருங்க: டப்பால ஏபிஐ எஸ்பி-ன்னு இருக்கணும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்ல கம்மி ஆர்பிஎம்ல அழுத்தி மிதிச்சா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே எரிபொருள் பத்திக்கிற சிக்கல் உண்டு. அது பிஸ்டனையே உடைக்கும். ஆயில்ல இருக்கிற கால்சியமும் அதுக்கு ஒரு காரணம்னு கண்டுபிடிச்ச பிறகு, அதைத் தடுக்கிறதுக்கான சோதனையோட 2020 மே மாசம் வந்த தரம் இது.

இப்போ என் பழைய கார் கதை. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, முதல் தடவை நானே ஆயில் மாத்தினேன். பழைய ஃபில்டரைக் கழட்டினப்ப அதோட ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிச்சு. கவனிக்கலை. அது மேலயே புதுசை மாட்டிட்டேன். சுந்தராபுரம் தாண்டறதுக்குள்ள ரெட் லைட். இறங்கிப் பார்த்தா பின்னாடி ரோடெல்லாம் கருப்புக் கோடு. உடனே ஆஃப் பண்ணதால இன்ஜின் பிழைச்சது. ரெண்டு நிமிஷம் அசட்டையா இருந்திருந்தா அரை லட்சம் போயிருக்கும்.

அதனால இந்தத் தடவை புது காரை சர்வீஸ் சென்டர்லயே, தனி வேலையா எழுதி, காசு கட்டி மாத்தினேன். வாரன்ட்டி இருக்கிற காருக்கு அதுதான் புத்திசாலித்தனம். பில்லுல ஆயில் கிரேடும் கிலோமீட்டரும் இருக்கட்டும். இதைக் காரணம் காட்டி 10,000 சர்வீஸை மட்டும் விட்டுடாதீங்க.

வாரன்ட்டி முடிஞ்ச காரை வீட்டுல பண்றவங்களுக்கு: ஜாக்கை மட்டும் நம்பி கீழ படுக்காதீங்க, ஸ்டாண்டு கட்டாயம். இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கும்போது வடிங்க. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். புது ஃபில்டர் ரப்பர்ல கொஞ்சம் ஆயில் தடவி, பழைய வளையம் வந்துடுச்சான்னு கண்ணால பார்த்து, கையால மட்டும் இறுக்குங்க. போல்ட்டை டார்க் ரென்ச்சால, புத்தக அளவுக்கு. அலுமினியம் சம்ப்ல மரை போச்சுன்னா அழுகைதான். ஊத்தினதும் ஒரு நிமிஷம் ஐடில், ஆக்சிலரேட்டர் தொடக் கூடாது, டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரணும். ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டினா அதுவும் ஆபத்து. கிராங்க் ஷாஃப்ட் அடிச்சு நுரையாக்கிடும்.

பழைய ஆயிலை சாக்கடைல ஊத்தினா அது குறிச்சி குளத்துக்கோ நொய்யலுக்கோதான் போகும். கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுங்க, அவங்ககிட்ட இருந்து மறுசுத்திகரிப்புக்கு எடுத்துட்டுப் போவாங்க.

வடிச்ச ஆயில்ல கொஞ்சம் பாட்டில்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். மாமா டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. லேசா வெள்ளி மினுமினுப்பு, அவ்வளவுதான். "ம்ம், ஒண்ணும் பெரிசா இல்லையே"ன்னாரு, கொஞ்சம் ஏமாற்றமாவே. டிராக் டேயை 2,000 கிலோமீட்டருக்குத் தள்ளி வச்சிருக்கேன். அதுவரைக்கும் ஒரே வேகத்துல பைபாஸ் ஓட்டாம ஆழியாறு, வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவு, கியர் ஏத்தி இறக்கி ரிங்கை உட்கார வைக்க அதைவிட நல்ல ரோடு இங்க இல்லை.